ஏழு பக்கத்தைத் தேடி

ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம் 1875-இல் தொடங்கப்பட்டது. சென்னை கன்னிமாராவைவிட இருபத்தோரு வயது மூத்தது. ஊரில் எவரும் உள்ளே போய் நாளிதழோ நாவலோ படிக்கலாம். ஆனால் கணிதத்தில் பிஎச்.டி. செய்கிறவருக்கு வேண்டியது வேறு. அவர் தேடுவது ஒரு முழுப் புத்தகம்கூட அல்ல, எங்கோ எப்போதோ அச்சான சில பக்கங்கள்.

கணிதர் அலெக்சாண்டர் ரோசாவின் கட்டுரையையே எடுத்துக்கொள்ளலாம். 1966-இல் ரோமில் நடந்த ஒரு கருத்தரங்கின் தொகுப்பில், அடுத்த ஆண்டு அச்சேறியது. மொத்தம் ஏழு பக்கம். கிராஃப் லேபிளிங், அதாவது புள்ளிகளும் கோடுகளுமான கோட்டுருக்களுக்கு எண்ணிடுவது, என்று பெயர் போட்டு வரும் ஆய்வேடுகள் பெரும்பாலும் அதை மேற்கோள் காட்டும். கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது தனிக் கேள்வி! மருத்துவத்தில் பத்து வருஷக் கட்டுரை பழசாகிவிடும். கணிதத்தில் ஒருமுறை நிரூபித்த தேற்றத்துக்கு வயதாவதில்லை. அதனால் கணித நூலகத்தில் எதையும் பழையதென்று கழித்துக்கட்ட முடியாது. ஒரு சின்னக் கல்லூரி நூலகம் அவ்வளவையும் வாங்கி வைக்கவும் முடியாது.

இந்த வட்டாரத்துக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. மதுரை சாலையில் கிருஷ்ணன்கோவிலில், 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பேராசிரியர் எஸ். ஆறுமுகத்தின் முயற்சியில் அங்கே கோட்டுருவியல், அதாவது கிராஃப் தியரி, வேர்விட்டது. மத்திய அரசின் உதவியோடு ஓர் ஆய்வு மையமும் அமைந்தது. 2004-இல் அங்கிருந்து ஒரு சர்வதேச ஆய்விதழ் புறப்பட்டது. அதன் பெயரின் தொடக்கத்தில் நிற்கும் 'ஏகேசிஇ' என்ற நாலு எழுத்து, அருள்மிகு கலசலிங்கம் பொறியியல் கல்லூரியின் ஆங்கிலச் சுருக்கம். இதழின் வெளியீடு பிறகு எல்சேவியர் பதிப்பகத்துக்கும், அங்கிருந்து டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸுக்கும் கைமாறியது. பெயர் மட்டும் மாறவில்லை. இப்போது அதைப் படிக்க யாரும் காசு கட்ட வேண்டியதில்லை.

ராஜபாளையத்தில் வகுப்பெடுத்துக்கொண்டே பகுதி நேரமாக ஆய்வு செய்யும் ஓர் ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவார்? லேபிளிங் என்றால் ஜோசப் காலியனின் தொகுப்பிலிருந்துதான். எந்தக் கோட்டுருவுக்கு எது நிரூபணமாகிவிட்டது, எது இன்னும் தொங்கலில் நிற்கிறது என்பதை 1998 முதல் அவர் திரட்டித் திரட்டிப் புதுப்பித்து வருகிறார். இலவசம். அதைப் புரட்டாமல் ஆய்வில் இறங்கினால், யாரோ எப்போதோ முடித்த கணக்கையே மறுபடி போட்டுக்கொண்டிருக்க நேரும்.

அடுத்து, கணிதக் கட்டுரைகளின் சுருக்கமும் விமர்சனமும் சேர்ந்த இசட்பிமேத். 1931-இல் ஜெர்மனியில் தொடங்கியது. நெடுங்காலம் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. 2021 முதல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதே வேலையைச் செய்யும் அமெரிக்காவின் மேத்சைநெட்டுக்கு இன்னும் சந்தா வேண்டும். புதுக் கட்டுரைகள் என்றால் 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ் இருக்கிறது.

நம்மூர் ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். ஆய்வேடுகளின் மின்பிரதியைத் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2009-இல் விதி போட்டதன் பலன் அது. தரம் ஏற்ற இறக்கம்தான். சில ஆய்வேடுகளில் முதல் அத்தியாயத்தை ஏற்கெனவே வேறெங்கோ படித்த மாதிரி இருக்கும். ஆனாலும் கடைசிப் பக்கங்களின் மேற்கோள் பட்டியலுக்காகவே திறந்து பார்க்கலாம். நல்ல பட்டியல் ஒன்று கிடைத்தால் ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது எஸ்.ஆர். ரங்கநாதனின் நான்காம் நூலக விதி. சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். 

அப்படி நேரத்தை மிச்சப்படுத்தப் பெரிய தடை பணம். ஆய்விதழ்களுக்கு நாடு முழுக்க ஒன்றாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆனால் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியார் கல்லூரிகளுக்கு இடமில்லை. அங்கே இருப்பவர்களுக்கு வழக்கமான வழிகள்தான்: சீனியரின் பென்டிரைவ், வழிகாட்டியின் அலமாரி, இல்லையென்றால் கட்டுரையாசிரியருக்கே ஒரு மின்னஞ்சல். கடைசி வழி பலரும் நினைப்பதைவிட நன்றாகவே பலிக்கிறது. தன் கட்டுரையை ஒருவர் கேட்டு எழுதினால் மகிழாத கணிதர் அபூர்வம்.

பணத்தால் தீராத சிக்கலும் ஒன்றுண்டு. ரோசாவின் கட்டுரையில் வந்த ஒரு லேபிளிங்குக்கு இன்று வழங்கும் பெயர் 'கிரேஸ்ஃபுல்'; ஆனால் கட்டுரைத் தலைப்பில் அந்தச் சொல்லே கிடையாது. அந்தப் பெயரைப் பின்னால் வைத்தவர் சாலமன் கோலம்ப். தேடுபொறியில் அந்தச் சொல்லை மட்டும் தட்டுகிறவருக்கு மூலக் கட்டுரை நேரே வந்து சிக்காது. இது வேறு பெயரில் முன்பே வந்துவிட்டதே என்று சொல்ல விஷயம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். கருத்தரங்குகளில் அந்த ஆள் மேடையில் இருப்பதைவிட, மதியச் சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நிற்பதுதான் அதிகம்.