விட்டுவிட்டோம் என்று சொன்னேன்

கடந்த ஆண்டு இலையுதிர்காலத்தில், நான் வசிக்கும் ஹாலே நகரத்தில், தமிழ்க் குடும்பங்கள் சிலவும் ஜெர்மானிய நண்பர்களும் கூடிய சிறு கூட்டமொன்றில் அரைமணி நேரம் பேசினேன். தரங்கம்பாடிப் பாம்புகளுக்கும் ஜெர்மனிக்கும் உள்ள உறவுதான் தலைப்பு. பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்த வயதான ஜெர்மானிய அம்மையார் கையை உயர்த்தினார். "நீங்கள் சொன்ன அந்த மண்ணுளிப் பாம்பை உங்கள் ஊரில் நேரில் பார்த்திருக்கிறீர்களா?"

"பார்த்திருக்கிறேன். எங்கள் சவுக்குத் தோப்பில் ஒருமுறை கிடைத்தது. மறுபடி மண்ணிலேயே விட்டுவிட்டோம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் அதை விடவில்லை, விற்றேன். அந்தப் பணத்தில்தான் ஜெர்மன் மொழி படித்தேன், விசாவுக்குக் கட்டணம் கட்டினேன். அன்று அந்த மேடையில் நான் நின்றதற்கே அந்தப் பாம்பு ஒரு காரணம். அதை மறைத்துவிட்டு அதைப் பற்றியே அரைமணி நேரம் உருக்கமாகப் பேசியிருக்கிறேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை எழுதித் தீர்க்காமல் வராது என்றும் தோன்றியது.

2008. தரங்கம்பாடிக்கு அருகே பொறையாறு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு சவுக்குத் தோப்பும் இருந்தன. நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, மேல்படிப்புக்கு ஜெர்மனி போகும் கனவோடு வீட்டில் இருந்தேன். தோப்பில் பாத்தி வெட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் வீட்டுக்கு நெடுங்காலமாக வேலை செய்பவர். என் அப்பாவைவிட இரண்டு மூன்று வயதுதான் இளையவர். ஆனாலும் அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். சின்ன வயதிலிருந்து அப்படியே பழக்கிவிட்டார்கள், நானும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. அதுவும் என் கணக்கில் சேரவேண்டிய குற்றம்தான்.

மண்வெட்டியை நிறுத்திவிட்டு அவர் என்னைக் கூப்பிட்டார். மணலுக்குள் செம்பழுப்பாக, ஒரு முழத்துக்கு மேல் நீளமாக, பளபளவென்று கிடந்தது. நான் வால் என்று நினைத்த பக்கம் தலை. தலை என்று நினைத்து ஒதுங்கிய பக்கம் மொட்டையான வால். பயந்தால் அது தலையைத் தன் சுருளுக்குள் புதைத்துக்கொண்டு வாலைத்தான் வெளியே நீட்டும். அதனால்தான் நம் ஊரில் இருதலை மணியன் என்ற பெயர். ஆறு மாதம் ஒரு தலை, ஆறு மாதம் மறு தலை என்ற கதையும் அப்படி வந்ததே. நக்கினால் குஷ்டம் வரும் என்று சொல்லி அதை அடித்துக் கொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அவர் அதைக் கையிலேயே எடுத்தார். "இதுக்கு விஷம் கெடயாது தம்பி. எலியத் தின்னும், மண்ணுக்கு நல்லது. அந்தாண்ட விட்டுடுறேன்."

"இருங்க, எங்கிட்ட குடுங்க" என்றேன். வாழ்நாளில் அவருக்கு நான் 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான் முதல்முறை.

மண்ணுளிக்கு லட்சக்கணக்கில் விலை என்ற பேச்சு அப்போது ஊரெங்கும் இருந்தது. வெளிநாட்டில் மருந்து செய்கிறார்கள், வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். எல்லாமே பொய். ஆனால் அந்தப் பொய்யை நம்பி வாங்குகிறவர்கள் இருந்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

நண்பன் ஒருவன் மூலம் புரோக்கர் வந்தார். துணிப்பையில் பாம்பைப் போட்டு, கொக்கித் தராசில் தொங்கவிட்டார். முள் ஒரு கிலோவைத் தொடவில்லை. ஒரு கிலோவுக்குக் குறைந்தால் பாதி விலை என்றார். "பத்து நாள் வச்சுத் தீனி குடுங்க, வரேன்" என்று போய்விட்டார்.

வீட்டின் பின்கட்டில், தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் டிரம்மில் மணல் நிரப்பி அதை வைத்தேன். அது எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள், இடது கையால் கழுத்தைப் பிடித்து, ஸ்பூன் காம்பால் வாயைத் திறந்து, கோழிக்குடல் துண்டுகளை உள்ளே தள்ளினேன். என் மணிக்கட்டில் அது சுற்றிக்கொண்டது. இறுக்கிக் காயப்படுத்தவில்லை, பிடிமானம் தேடி மட்டும் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. மறுபடி தள்ளினேன். பதினோரு நாள் இப்படியே நடந்தது.

புரோக்கர் 45,000 ரூபாய் கொடுத்தார். கண்டெடுத்தவருக்கு நான் 500 ரூபாய் கொடுத்து, "காட்டில் கொண்டுபோய் விட்டாச்சு" என்றேன். பண்டிகைக் காசு என்று நினைத்து வாங்கிக்கொண்டார். ஹாலே மேடையில் நான் சொன்ன பொய்யை முதலில் கேட்டவர் அவர்தான்.

2009-இல் ஜெர்மனி வந்தேன். படிப்பு முடிந்து வேலைக்கு ஹாலேவில் குடியேறினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள ஃபிராங்கே அறநிறுவனத்துக்குப் போனேன். 1698-இல் தொடங்கிய அநாதை இல்லம் அது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழில் அச்சுப் போட்ட சீகன்பால்குவும் ஹாலேவில் படித்தவர்தான். அந்த இல்லத்தின் மாடியறையில் பழைய அரும்பொருள் கூடம் இன்றும் இருக்கிறது. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. அலமாரிகளில் நம் ஊர்ப் பொருள்கள். எங்கள் தெருவை யாரோ இங்கே எடுத்துவந்து பத்திரமாக வைத்திருப்பதுபோல் இருந்தது. அன்று தொடங்கிய ஆர்வத்தில் தரங்கம்பாடிக்குப் போன ஜெர்மானியர்களைத் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தத் தேடல் என்னை ஒரு மருத்துவரிடம் கொண்டுபோய் விட்டது.

பேட்ரிக் ரஸ்ஸல் எடின்பரோவில் பிறந்த மருத்துவர். 1760-களின் தொடக்கத்தில் சிரியாவின் அலெப்போவில் பிளேக் பரவியபோது ஊரைவிட்டு ஓடாமல் அங்கேயே வைத்தியம் பார்த்தவர். 1781-இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்திலிருந்த தம்பியோடு விசாகப்பட்டினம் வந்தார். அப்போது கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்தவர் யோஹான் கோனிக். அவரும் மருத்துவர், லின்னேயஸின் மாணவர், பால்டிக் பகுதியில் பிறந்த ஜெர்மானியர். 1768-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராக வந்தவர். 1785-இல் கோனிக் காலமானதும் அந்தப் பொறுப்பு ரஸ்ஸலுக்கு வந்தது.

பாம்புக்கடிச் சாவுகள் ரஸ்ஸலை உலுக்கின. எது விஷப்பாம்பு, எது விஷமில்லாதது என்று சாதாரண மனிதனும் கண்டுகொள்ள வழி வேண்டும் என்பதே அவர் தேடல். சோழமண்டலக் கரையெங்கும் இருந்து பாம்புகளை வரவழைத்தார். செதிலை எண்ணினார், விஷப்பல்லைத் தேடினார். கோழிக்கும் நாய்க்கும் விஷம் ஏறினால் எத்தனை நிமிடத்தில் என்ன ஆகிறது என்று குறித்தார். ஆர்சனிக் கலந்த தஞ்சாவூர் மாத்திரை என்று அன்று பேர்போன விஷமுறிவு மருந்தையும் சோதித்தார். 1796-இல் லண்டனில் வெளியான அவருடைய நூலில் பாம்புகள் வண்ணப் படங்களாக இருக்கின்றன. கண்ணாடி விரியனுக்கு அவர் அங்கே தந்திருப்பது ஊர்மக்கள் சொன்ன தெலுங்குப் பெயர்: கட்டுக ரேகுல பொட. மறு ஆண்டே லண்டனில் ஒருவர் அதற்கு ரஸ்ஸலின் பெயரை வைத்துவிட்டார். உலகம் இன்று அதை ரஸ்ஸல் விரியன் என்றுதான் அழைக்கிறது.

இதில் ஜெர்மனியின் பங்கைப் படித்தபோது வியந்துபோனேன். பிராங்க்ஃபுர்ட் அன் டெர் ஓடர் என்ற கிழக்கு ஊரில் யோஹான் கோட்லோப் ஷ்னைடர் என்ற பேராசிரியர் இருந்தார். கிரேக்க இலக்கிய அறிஞர். இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை. ரஸ்ஸலின் படங்களையும், பெர்லினில் மார்க்கஸ் புளோக் என்ற யூத மருத்துவர் சேர்த்துவைத்திருந்த ஜாடிகளையும் வைத்துக்கொண்டு 1801-இல் நம் பாம்புகளுக்கு அறிவியல் பெயர் சூட்டினார். கட்டுவிரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் அறிவியல் பெயரின் பின்பாதி அவர் தந்தது. சுருட்டைக்கு மூலமான படம் நம் ஆரணியிலிருந்து போன பாம்பைப் பார்த்து வரைந்தது.

புளோக்குக்குத் தரங்கம்பாடியிலிருந்து மீன்களை அனுப்பிக்கொண்டிருந்தவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். ஹாலே மிஷனரி. 1771-இல் வந்து, 1813-இல் இறக்கும்வரை தரங்கம்பாடியிலேயே வாழ்ந்தவர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தவர். கத்தாழை மீன் வகைக்கு புளோக் அவர் பெயரை வைத்தார். 1801-இல் ரஸ்ஸலும் தரங்கம்பாடிப் பாம்பு ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார். இன்று அதன் அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானி (Eryx johnii).

அதன் படத்தைத் திரையில் திறந்தேன். செம்பழுப்பு நிறம், மொட்டை வால். எங்கள் சவுக்குத் தோப்பின் மண்ணுளி.

நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. ஹாலேவிலிருந்து தரங்கம்பாடிக்குப் போன ஒரு மனிதரின் பெயரை அந்தப் பாம்பு இருநூறு ஆண்டுகளாகச் சுமக்கிறது. அதே கரையிலிருந்து அதே பாம்பை விற்று நான் ஹாலேவுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். என் இடது மணிக்கட்டில் அது சுற்றிய இடம் குளிர்ந்தது.

அதன்பிறகு பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர்களும் கொன்றுதானே ஜாடியில் போட்டார்கள், ரஸ்ஸல் நாய்களைச் சாகடிக்கவில்லையா, கம்பெனிக்காரர்கள் நம் நாட்டைச் சுரண்டவில்லையா என்று. பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மஞ்சள் ஒளியில் ஆயிரமாயிரம் ஜாடிகள் அடுக்கடுக்காக நிற்கும் அறை ஒன்று உண்டு. அதன்முன் நின்றபோதும் இதையே சொல்லிக்கொண்டேன். ஆனால் சமாதானம் நிலைக்கவில்லை. அவர்கள் கைகளிலும் ரத்தம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எடுத்த உயிரிலிருந்து ஒரு படம் வந்தது, ஒரு பெயர் வந்தது, எந்தப் பாம்புக்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற அறிவு வந்தது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள். அந்தச் சாவைக் குறைக்கும் வேலையின் முதல் கற்களில் ரஸ்ஸலின் நூலும் ஒன்று. நான் எடுத்த உயிரிலிருந்து யாருக்கும் எதுவும் வரவில்லை. எனக்கு ஒரு விசா வந்தது.

இன்னொன்றும் உறுத்தியது. ரஸ்ஸல் இத்தனை பாடுபட்டுத் தேடிய அறிவு, எங்கள் தோப்பில் மண்வெட்டியோடு நின்றவரிடம் இருந்தது. விஷம் கிடையாது, எலி தின்னும், விட்டுவிடு என்று மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டார். விசாகப்பட்டினத்தில் அந்த மருத்துவர் ஊர்க்காரர் வாயிலிருந்து வந்த பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். பட்டம் வாங்கிய நான் பக்கத்தில் நின்றவர் சொன்னதைக் கேட்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அவர் இப்போது வேலைக்குப் போவதில்லை. வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அண்ணே" என்று கூப்பிட்டேன். முதலில் அவருக்குப் புரியவில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். டிரம்மில் வைத்தது, வாயில் திணித்தது, 45,000 ரூபாய், அவருக்குச் சொன்ன பொய். சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. பாதிப் பணம் என்று ஒரு கவர் வைத்திருந்தேன். நீட்டியதும் வாங்கினார். வேண்டாம் என்று சொல்வார், அதில் என் மனம் ஆறும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவர் அப்படிச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து மடியில் செருகிக்கொண்டார். அது அவருக்குச் சேரவேண்டியது. மன்னிப்பு என்ற சொல்லை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"அது பொட்டையா, கடுவனா தம்பி?"

"தெரியாதுண்ணே."

"ஆவணி மாசம். குட்டி போடுற நேரம். அது முட்ட போடாது, குட்டிதான் போடும். வவுறு கொஞ்சம் பெருத்து இருந்துச்சு, அதான் விட்டுடலாம்னேன்."

பதினோரு நாள் அதைக் கையில் பிடித்திருக்கிறேன். தராசு முள்ளைத்தான் பார்த்தேன். அதன் வயிற்றை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஹாலேவுக்குத் திரும்பியதும் அந்த அம்மையாரின் முகவரியைக் கேட்டு வாங்கினேன். இந்தக் கட்டுரையை ஜெர்மனில் எழுதி அவருக்குத் தபாலில் அனுப்பப் போகிறேன். அதற்குமுன் தமிழில் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் முதலில் பொய் சொன்னது தமிழில்தான்.