101 வெள்ளி

டத்தோ கிராமாட் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியறையில் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறேன். பஸ்ஸில் மீதிச் சில்லறை தரமாட்டார்கள். பல அடுக்குமாடி லிஃப்ட்டுகளில் 4 இருக்காது, 3ஏதான். ஹொக்கியனில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி. பினாங்கில் இதெல்லாம் மூன்று மாசத்தில் பழகிவிடும். எனக்கு மொய்க்கணக்குதான் பிடிபடவில்லை.

வீட்டுக்கார ஆண்ட்டியின் மகன் கல்யாணத்துக்கு நம்மூர் வழக்கப்படி 101 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வைத்தேன், கையில் கிடைத்த வெள்ளைக் கவரில். ஆண்ட்டி கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தேங்க்யூ லா" என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கூட வேலைபார்க்கும் உள்ளூர்த் தமிழர் தலையில் அடித்துக்கொண்டார். "கல்யாணத்துக்குச் சிவப்பு அங்பாவ், இரட்டைப்படை. வெள்ளைக் கவரும் ஒற்றைப்படையும் சாவு வீட்டுக்குய்யா!"

வெட்கத்தில் ஒரு வாரம் பின்படி வழியாகத்தான் இறங்கினேன்.

போன வருஷம் அப்பா இறந்தார். பெர்மிட் புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்ததால் போக முடியவில்லை. தம்பி கொள்ளி வைத்ததை போனில் பார்த்தேன்.

சாயங்காலம் ஆண்ட்டி கதவைத் தட்டினார். தினமும் கேட்கும் "சியா பா போய்?" (சாப்டாச்சா) அன்றைக்கு இல்லை. வெள்ளைக் கவரை இரண்டு கையாலும் நீட்டிவிட்டு இறங்கிப் போனார்.

எண்ணிப் பார்த்தேன். 101.