அலையாத்திக் காட்டிற்கு ஒரு குளிர்காலப் படகுப் பயணம்

நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், அயல்நாட்டில் வாழும் தம் உறவினர் அனுப்பிய நிழற்படங்களை ஒருநாள் மாலை நம்மிடம் கொண்டுவந்து காட்டினர். அலாஸ்காவின் பனியாறுகள் கடலில் வந்து முடியும் இடத்தில் வெண்ணிறக் கப்பலொன்று மெல்ல நகர்கிறது. கம்பளி ஆடை போர்த்தியவர்கள் மேல்தளத்தில் நின்று அக்காட்சியில் மெய்ம்மறந்திருக்கின்றனர். "சாமி, நமக்கெல்லாம் இப்படி ஒரு பயணம் வாய்க்குமா?" என்று வீட்டுத் தலைவி கேட்டார்.

"அலாஸ்கா வேண்டாம் அம்மா. கடலூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போதும். தை மாதத்துப் பனியும், நீர்வழியும், இருபுறமும் பசுங்காடும் நமக்கும் உண்டு" என்றோம். பிச்சாவரத்தை மனத்திற்கொண்டே அவ்வாறு சொன்னோம். அந்தப் பேச்சே நம் பங்குக் குடும்பங்களின் சுற்றுலாவாக வளர்ந்தது. அதை நடத்தியதில் நாம் கற்றுக்கொண்டவற்றை, இவ்வாண்டு அங்குச் செல்ல எண்ணும் வாசக நேயர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

பெருங்கப்பலில் போகிறவர்களுக்காகத் திட்டமிடும் வேலையைக் கப்பல் நிறுவனத்தாரே பார்த்துக்கொள்கின்றனர். நார்வே நாட்டின் கரையோரமாக 1893 முதல் ஓடிவரும் கப்பல்களில் ஏறுபவர், பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு துறைமுகத்திற்கு வந்தால் போதும். நம் படகுப் பயணமோ அப்படியன்று. நாள், நேரம், உணவு, உடை, யார் யாருடன் அமர்வது ஆகிய எல்லாவற்றையும் அழைத்துச் செல்பவரே எண்ணிப் பார்க்கவேண்டும். அந்தப் பொறுப்பில் நாம் முதலிலேயே தவறினோம்.

நாள் குறித்தல்

கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மறுநாள் எல்லாருக்கும் விடுமுறை. பிள்ளைகளுக்கும் பள்ளி இல்லை. ஆகவே டிசம்பர் 26 என்று குறித்து, ஞாயிறு திருப்பலியின் முடிவில் அறிவித்தோம். இப்பங்கிற்கு நாம் வந்து ஓராண்டுகூட நிறைவுறாத காலம் அது. பலர் மகிழ்ச்சியோடு பெயர் கொடுத்தனர். எல்லாரும் கலைந்தபின், கடற்கரைக் குப்பத்திலிருந்து வரும் வயதான அம்மையார் ஒருவர் பேரனின் கையைப் பற்றியபடி வாயிலில் காத்து நின்றார்.

"அந்த நாள் வேண்டாமே, சாமி. அன்றைக்கு நாங்கள் கடலுக்குப் பால் ஊற்றப் போவோம்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நமக்குத் தலை குனிந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எழுந்த ஆழிப்பேரலை இக்கடலூர் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுசென்றது. தேவனாம்பட்டினம் முதல் கிள்ளையை அடுத்த மணல்திட்டுகள் வரை இழப்பில்லாத மீனவர் குப்பம் அரிது. இன்றும் ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் கரையில் கூடிப் பாலும் மலரும் கடலில் இட்டு அழுகின்றனர். அந்த அம்மையார் தம் கணவரையும் மூத்த மகளையும் அன்று இழந்தவர் என்பதைப் பின்னரே உபதேசியார் வாயிலாக அறிந்தோம். விடுமுறைப் பட்டியலைப் பார்த்து நாள் குறித்த நாம், அந்த ஊர் மக்களின் நினைவு நாளைப் பாராமற் போனோம். அடுத்த ஞாயிறே நாளை மாற்றி அறிவித்தோம்.

மாற்றியது பயணத்திற்கும் நன்மையாகவே முடிந்தது. கடலூர்க் கரைக்கு மழையைக் கொண்டுவருவது வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் முடியும்வரை இங்குப் புயலின் காலம். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் 'ஃபெஞ்சல்' புயல் கொணர்ந்த மழையால் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் பல பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. ஆகவே சனவரி பிறந்தபின் செல்வதே நன்று. அப்போது மழை ஓய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், வலசை வரும் பறவைகளும் திரும்பிச் சென்றிரா. ஆனால் பொங்கலை ஒட்டிய நாட்களைத் தவிர்க்க வேண்டும். காணும் பொங்கலன்று படகுத்துறையில் நிற்கவும் இடமிராது. நாம் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பின்வந்த சனிக்கிழமையைத் தேர்ந்தோம். நாள் எதுவானாலும், புறப்படுமுன் வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட வேண்டும். கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடத் தயங்கலாகாது.

புறப்பாடு

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் பேருந்தும் உண்டு, இரயிலும் உண்டு. சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். விடியுமுன் புறப்படுவது நல்லது. பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாறு கடலோடு கலக்கும் வெளியில் மார்கழி, தை மாதங்களின் பனி வெண்துகில் விரித்தாற்போல் கிடக்கும். வெயில் ஏறினால் அது கரைந்துவிடும். பறவைகளும் காலை வேளையிலேதான் மிகுதியாகத் தென்படும்.

நம் பக்கத்துக் குளிர், பனிநாட்டார் கண்டால் நகைக்கும் குளிர். ஆயினும் 20 டிகிரியை ஒட்டிய விடியற்காலையில், நீர்மேல் வீசும் காற்றில், முதியோர்க்கும் கைக்குழந்தைகளுக்கும் சளி பிடிக்க அது போதும். காதை மூட ஒரு துணியும் ஒரு சால்வையும் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். பத்து மணிக்குமேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். எனவே தொப்பியோ குடையோ உடன் இருக்கட்டும். குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்க. படகில் ஏறுமுன் சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லாரும் கழிப்பிடம் சென்று வந்துவிட வேண்டும். காட்டுக்குள் சென்றபின் இறங்க இடமில்லை. பிளாஸ்டிக் பையும் தின்பண்ட உறையும் கரையிலேயே தங்கட்டும்.

படகில்

படகுத்துறையைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. துடுப்புப் படகும் உண்டு. இயந்திரப் படகும் உண்டு. கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறக்கூடியவை. முன்னாளே விசாரித்துக்கொள்வது நல்லது. நாம் நேரத்தை மிச்சம் பிடிக்க எண்ணி எல்லாரையும் இயந்திரப் படகுகளில் ஏற்றிவிடப் பார்த்தோம். துறையில் இருந்த படகோட்டி ஒருவர், "மோட்டார் படகில் போனால் அகலமான வாய்க்காலைத்தான் பார்ப்பீர்கள். காட்டைப் பார்க்க வேண்டுமானால் துடுப்புப் படகில் வாருங்கள்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கிளைகள் இருபுறமிருந்தும் வந்து தலைக்குமேல் பின்னிக் கூரையிடும் ஒடுங்கிய ஓடைகளுள் துடுப்புப் படகே நுழையும். இயந்திர ஒலி இல்லாததால் பறவைகளும் பறந்தோடுவதில்லை.

ஒவ்வொரு படகிலும் சிலரே அமரலாம். ஆகவே யார் யாருடன் என்பதை வீட்டிலேயே எழுதி வைத்துவிடுவது நலம். இளைஞர்களெல்லாம் ஒரு படகு, முதியோரெல்லாம் ஒரு படகு என்று பிரிக்கலாகாது. ஒவ்வொரு படகிலும் ஒரு முதியவர், ஒரு சிறுவர், கைகொடுக்க ஒரு வலியவர் இருக்கவேண்டும். உயிர்காப்பு உடையை எல்லாரும் அணியவேண்டும். நீர் பெரும்பாலும் ஆழமற்றது என்று சொல்வார்கள். அடியில் சேறு என்பதை மறக்கலாகாது. நிழற்படம் எடுப்பதற்காக எழுந்து நிற்பது படகில் விபத்துக்குக் காரணமாகலாம்.

நம் படகில் அந்த அம்மையாரும் அவர் பேரனும் இருந்தனர். 2004-க்குப்பின் அவர் படகேறியது அன்றுதான். ஏறும்போது நம் கையைப் பற்றிய பிடி, அக்கரை ஓடைக்குள் நுழையும்வரை தளரவே இல்லை. ஆயினும் படகு சற்றே சாய்ந்தபோது, "நடுவில் உட்காருங்கள், கையை வெளியே நீட்டாதீர்கள்" என்று இளைஞர்களை அதட்டி, எடையைச் சமன்செய்தவர் அவரே. கடலோடிகள் குடும்பத்தில் பிறந்தவருக்கு நீரைப்பற்றி நாம் சொல்லித்தர வேண்டியது யாதுளது?

காட்டின் இயல்பு

வெள்ளாற்றுக் கழிமுகத்திற்கும் கொள்ளிடக் கழிமுகத்திற்கும் இடையே, ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் இக்காடு அமைந்துள்ளது. ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு தீவுகளும் அவற்றை அறுத்தோடும் எண்ணற்ற ஓடைகளும் இதன் உறுப்புகள். 2022-ஆம் ஆண்டில் இது ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 'இதயக்கனி' திரைப்படம் 1975-இல் இங்கே படமாகி வந்ததைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர்.

சுரபுன்னை மரம் தன் தண்டிலிருந்து வில்போல் வளைந்த வேர்களை நீரில் ஊன்றி, பல கால்களால் நிற்பதுபோல் நிற்கிறது. அதன் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட காய்போல் தொங்கிப் பின்னரே சேற்றில் விழுகிறது. கண்டல் இனத்து மரங்களோ சேற்றுக்கு வெளியே ஆணிகளைப்போல் மூச்சுவேர்களை நீட்டிச் சுவாசிக்கின்றன. காற்று புகாத உப்புச்சேற்றில் உயிர்வாழ அவை கண்ட வழி இது.

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயர் தந்த தில்லை மரமும் இங்குண்டு. நம் இளைஞர் ஒருவர் அதன் கொப்பை ஒடிக்கக் கைநீட்டினார். படகோட்டி துடுப்பாலேயே அதைத் தடுத்தார். அம்மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கும். தோலில் பட்டால் கொப்புளிக்கும். ஆகவே எந்த மரத்தின் இலையையும் பறிக்காதிருப்பது மரத்திற்கும் நல்லது, நமக்கும் நல்லது.

ஓரிடத்தில் இருளர் குடும்பத்தினர் இடுப்பளவு நீரில் நின்று, கையாலேயே துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். நம் படகு வருவதைக் கண்டு ஒதுங்கி வழிவிட்டனர். நமக்கு உல்லாசமாகும் இந்நீர் அவர்களுக்குச் சோறு. அவர்கள் அருகே செல்லும்போது கூச்சலிடாமலும், கேளாமற் படம்பிடிக்காமலும் இருப்பதே பண்பு.

அலையை ஆற்றியது

அலையாத்தி என்றால் அலையை ஆற்றுவது என்று பொருள். பெயர் பொய்யன்று. பேரலைக்குப் பின் இக்கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்தவர்கள், மரக்காட்டின் பின்னே இருந்த ஊர்களில் சேதம் குறைவாகவும், காப்பின்றிக் கடலை நோக்கி நின்ற ஊர்களில் மிகுதியாகவும் இருந்ததைக் கண்டு, 2005-இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியிட்டனர். காடு எல்லாரையும் காத்துவிடவில்லை. கடலுக்கும் காட்டுக்கும் இடையே மணலில் அமைந்திருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. ஆனால் காட்டின் பின்னே இருந்தவர்கள் அது தங்களைக் காத்ததை நன்கறிவர்.

இக்காடும் ஒரு காலத்தில் நலிந்தே கிடந்தது. முன்னாட்களில் பகுதி பகுதியாக வெட்டப்பட்ட இடங்களில் நிலம் தாழ்ந்து, உப்புநீர் தேங்கி, மீண்டும் ஒன்றும் முளைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் ஊர்மக்களும் சேர்ந்து, மீனின் முள்ளைப்போல் நடுவே ஒரு கால்வாயும் பக்கங்களில் கிளைக்கால்வாய்களுமாக வெட்டி ஓதநீரை உள்ளே விட்டபின், நட்ட கன்றுகள் பிழைத்தன. படகோட்டி இதையெல்லாம் சொல்லிக்கொண்டே துடுப்பு வலித்தார்.

அம்மையார் நெடுநேரம் அவ்வேர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம் பக்கம் திரும்பி, "எங்கள் ஊருக்கு முன்னாலும் இப்படி ஒன்று இருந்திருக்கலாம், சாமி" என்றார். மறுமொழி சொல்ல நம்மிடம் வார்த்தை இல்லை. பேரன் மட்டும், "நாம் நட்டால் வளருமா, ஆத்தா?" என்று கேட்டான். "உப்பங்கழிச் சேறு இருந்தால் வளரும், தம்பி, வெறும் மணலில் வராது" என்று படகோட்டியே விடை சொன்னார்.

திரும்புகையில்

நண்பகலுக்குள் கரையேறிவிட்டால், சிதம்பரத்தில் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் உண்டு இளைப்பாறலாம். அங்குள்ள நடராசர் ஆலயம் நண்பகலில் மூடப்பெற்று மாலையில் திறக்கும். கோபுர வாயில்களில் செதுக்கிய நடனச் சிற்பங்களைக் காண விரும்புவோர் அதற்கேற்ப நேரம் ஒதுக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடக்க முயன்றால் ஒன்றையும் நிறைவாகக் காணமுடியாது. கைக்குழந்தைகளும் அழுதே தீர்ப்பார்கள். நாம் உணவு முடித்து நேரே கடலூர் திரும்பினோம். வண்டியில் அம்மையார் பேரனைத் தோளில் சாய்த்தபடி அயர்ந்து உறங்கினார்.

இவ்வாண்டும் செல்ல வேண்டுமென்று பங்குமக்கள் கேட்கின்றனர். மகிழ்ச்சியோடு இசைந்திருக்கிறோம். நாள் குறிக்கும் பொறுப்பை மட்டும் அந்த அம்மையாரிடமே ஒப்படைத்திருக்கிறோம்.