மழையின் புளிப்பும் மக்களின் குரலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். மழையை அமிழ்தம் என்று போற்றிய மரபு நம்முடையது. அந்த அமிழ்தமே அமிலமானால் என்ன செய்வது? அப்படி ஆன நாடுகள் உண்டு. அதைக் கண்டு வாளாவிராமல், புகையைக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும் என்று குரல் கொடுத்த மக்களும் உண்டு. அந்த வரலாறு வேதியியல் படிப்போர்க்கு மட்டும் உரியதன்று. மின்விளக்கின் கீழ் அமர்ந்து படிக்கும் நம் அனைவர்க்கும் உரியது.

நிலக்கரியில் கந்தகம் சிறிதளவு கலந்திருக்கிறது. அனல்மின் நிலையத்தில் கரி எரியும்போது அது கந்தக டை ஆக்சைடாகிப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. காற்றிலே ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் கூடிக் கந்தக அமிலமாகி, மழையோடு மண்ணில் இறங்குகிறது. மாசற்ற மழையின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.6. 1963-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹப்பர்டு புரூக் என்னும் மலைக்காட்டில், ஜீன் லைக்கன்ஸ் முதலிய விஞ்ஞானிகள் பிடித்த மழைநீரின் மதிப்போ 3.7! பி.எச். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சாதாரண மழையைப்போல் ஏறக்குறைய 80 மடங்கு அமிலம் அந்தக் காட்டில் பெய்திருக்கிறது.

இதில் வியப்பு என்னவென்றால், அந்தக் காட்டின் அருகில் பெரிய ஆலை எதுவும் இல்லை. அக்கம்பக்கத்தார் புகையால் வருந்தாதிருக்க வேண்டும் என்று மின்நிலையங்கள் புகைபோக்கிகளை வானளாவ உயர்த்தின. புகை உள்ளூரை விட்டது. ஊர்விட்டு ஊர் போயிற்று. ஒஹாயோ போன்ற மாநிலங்களில் எரிந்த கரி, நியூயார்க் மாநிலத்து மலை ஏரிகளில் அமிலமாக விழுந்தது. அமிலம் மண்ணிலிருந்த அலுமினியத்தைக் கரைத்து நீரில் சேர்க்க, அது மீன்களின் செவுள்களைக் கெடுத்தது. தெளிந்த நீர் இருந்தது. துள்ளும் மீன் இல்லை. எல்லை தாண்டிக் கனடாவின் ஏரிகளுக்கும் இதே கதிதான்.

ஒருவன் வீட்டில் விளக்கு எரிகிறது. வேறொருவன் ஏரியில் மீன் சாகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. இந்நிலையில் மக்கள் ஆதரவு எங்கிருந்து பிறக்கும்? அளந்து பார்த்ததிலிருந்து பிறந்தது என்பதே என் விடை. 1981-இல் கனடாவில் அமில மழையை எதிர்த்து ஒரு கூட்டமைப்பு உருவாயிற்று. மீன்பிடிப்போர், ஏரிக்கரையில் குடில் வைத்திருந்தோர், சுற்றுலாத் தொழிலர், இயற்கை ஆர்வலர் எனப் பலதரப்பட்டோர் அதில் ஒன்றுசேர்ந்து, அமெரிக்கத் தலைநகர் வரை சென்று வாதாடினர். 1987-இல் அமெரிக்காவின் ஆடுபான் சங்கம் 200-க்கும் மேற்பட்ட தொண்டர்களை நாடெங்கும் திரட்டியது. அவர்கள் தத்தம் ஊரில் மழைநீரைப் பிடித்து, அமிலத்தைச் சோதித்துச் செய்தி அனுப்பினார்கள். கண்ணுக்குத் தெரியாத தீங்கு ஊரார் கைக்கு எட்டும் எண்ணாக மாறியது.

பத்தாண்டு இழுபறிக்குப் பின், 1990-இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியது. கீழவையில் 401-க்கு 25, மேலவையில் 89-க்கு 10 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. கட்சி பேதமின்றி ஆதரவு கிடைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? மின்நிலையங்கள் வெளிவிடும் கந்தக டை ஆக்சைடு 1990-இல் ஏறக்குறைய 157 லட்சம் டன். 2019-இல் அது 10 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. விளக்குகள் அணைந்துவிடவில்லை. ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. கந்தகம் மிகுந்த கரி கிடைத்த சுரங்கங்களில் பலர் வேலை இழந்தனர். அவர்களுக்கு மறுபயிற்சி அளிக்க அதே சட்டத்தில் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. இழந்த வேலைக்கு அது முழு ஈடாகுமா?

இந்தக் கேள்வி என்னைத் தொடக் காரணம் உண்டு. என் தந்தையார் ஓர் அனல்மின் நிலையத்தில் கரி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் புத்தகங்கள் கரிக்கூலியில் வாங்கியவை. புகைபோக்கியைப் பழித்துப் பேச எனக்கு எப்படி நா எழும்?

விடுமுறையில் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். “புகைய நிறுத்தணும்னு ஆலைய மூடிட்டா நாம எங்கம்மா போறது?” என்றார். “மூட வேண்டாம்ப்பா. சுண்ணாம்புக்கல்லை அரைச்சுத் தண்ணியில கரைச்சுப் புகை மேல தெளிச்சா கந்தகம் அதுல பிடிபட்டுடும். அது ஜிப்சமாகும், சிமெண்டு ஆலைக்கு விக்கலாம்” என்றேன். சிறிது நேரம் யோசித்தார். “கரண்டும் நிக்காது, வேலையும் போகாதுன்னா செய்ய வேண்டியதுதானே! இத எங்ககிட்ட யாரும் சொல்லலியே?” என்றார். அறிந்தால் ஆதரிப்பவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள் என்பதை அன்று உணர்ந்தேன்.

நம் நாட்டு நிலை சற்று வேறு. நம் கரியில் கந்தகம் குறைவு. நம் மண்ணின் காரத்தூசி மழையின் அமிலத்தைப் பெருமளவு தணிக்கிறது. ஆனால் கந்தகப் புகை மழையாக மட்டுமா இறங்குகிறது? நுண்துகளாகி நுரையீரலிலும் இறங்குகிறது. இந்தப் புகைக்கு 2015-இல் மத்திய அரசு வரம்பு விதித்தது. கெடு பலமுறை நீண்டது. 2025 ஜூலையில், செலவையும் குறைந்த கந்தகத்தையும் காரணம் காட்டி, நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட கரி மின்நிலையங்களுக்கு அந்தக் கந்தக வரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இது சரியா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. எங்கள் தெருவிலோ ஒரு கருத்தும் இல்லை, செய்தியே வரவில்லை.

நண்பர்களே! புதிய அனல்மின் நிலையம் அமைக்கப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்படுகிறது. அதற்கான அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் வைக்கப்படுகிறது. பி.எச். என்றால் என்ன, கந்தக டை ஆக்சைடு என்றால் என்ன என்று அறிந்தவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்? முதல் பட்டதாரி என்பது சான்றிதழில் எழுதிவைக்கும் சலுகைச் சொல் மட்டுமன்று. அந்த அறிக்கையைத் திண்ணையில் அமர்ந்து படித்துக் காட்டவும், படித்ததைக் கூட்டத்தில் எழுந்து கேட்கவும் ஊருக்கு ஒருவராவது வேண்டும். அந்த ஒருவர் நாமாக இருப்போம்.