ஊருக்குத் திரும்பினோம், ஆனால் ஊர்?

கடலும் களப்பும் சந்திக்கிற இடத்துக்கு எங்கட பக்கத்தில் தொடுவாய் என்று பெயர். கோடையில் அது மணல் மூடிக் கிடக்கும். மாரி மழைக்குக் களப்பு நிரம்பினால் தானாக உடைக்கும், இல்லாவிட்டால் ஆட்கள் சேர்ந்து வெட்டிவிடுவார்கள். வெட்டப் பிந்தினால் வயலுக்குள் தண்ணி நிற்கும். முந்தி வெட்டினால் களப்பில் வளர்ந்த இறால் கடலோடு போய்விடும். அதனால் எப்ப வெட்டுவது என்பதை வயல்காரரும் தொழிலுக்குப் போறவையும் ஒன்றாக இருந்து கதைத்துத்தான் முடிவெடுக்க வேணும். ஊர் எண்டால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

முல்லைத்தீவின் தெற்குக் கரையில், நாயாற்றுக் களப்புக்கும் கொக்கிளாய்க் களப்புக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஊரின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. கொக்குத்தொடுவாய்.

1984 மார்கழியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மூன்று கிராமத்துச் சனமும் ஒரேயடியாக வெளியேற வேண்டி வந்தது. "ரெண்டு மூண்டு நாளிலை திரும்பி வருவம் எண்டுதான் பிள்ளை வெளிக்கிட்டனாங்கள். நெல்லைக்கூட மூடையிலை கட்டேல்லை" என்பார் அம்மம்மா. அந்த ரெண்டு மூன்று நாள் இருபத்தாறு வருசத்துக்கு மேல் நீண்டது. அம்மா வளர்ந்தது, கலியாணம் கட்டியது, நான் பிறந்தது எல்லாம் முள்ளியவளையில். பிறகு 2009, அதற்குப் பிறகு செட்டிகுளம் முகாம். 2011 அளவில் ஊருக்கு விட்டபோது எனக்கு எட்டு வயது. வீட்டில் எல்லோரும் "திரும்பிப் போறம்" என்றார்கள். நானும் அம்மாவின் தம்பிமாரும் அங்கு முதன்முதலாகத்தான் போனோம்.

போன இடத்தில் காணி இருந்தது, பற்றையாக. கொஞ்சக் காலத்தில் வீட்டுத்திட்டமும் வந்தது. ஆனால் ஊர் என்பது வீடுகளை எண்ணிப் பார்த்து வருகிற கணக்கு இல்லை. எங்கட சனத்துக்கு வயல், களப்பு, கடல், காடு நான்கும் வேணும். மழையை நம்பி விதைப்பு, விதைப்பு முடிய இறால், சோளகத்தில் கடல் அடங்கினால் கரைவலை. கரைவலைக்கு ஒரு பாடு வேணும், அதாவது இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை இன்னார் வலை வளைக்கலாம் என்ற உரிமை. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிறு இழுப்பார்கள். பிடிபாட்டில் சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. பிறகு பல கரைகளில் உழவு இயந்திரத்தில் வின்ஞ் பூட்டி இழுத்தார்கள். கயிறு இழுத்த கைகளுக்கு அங்கே வேலையில்லாமல் போனது.

நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் சோளகத்தில் எங்கட கரைக்கு வந்து வாடி அடிப்பது புதினமில்லை. அம்மம்மாவின் சின்ன வயதிலும் வந்தார்கள், பருவம் முடியப் போனார்கள். நாங்கள் இல்லாத காலத்தில் அந்தப் பருவக் கணக்கு குழம்பிவிட்டது. நாங்கள் வந்தபோது பாடுகளில் வேறு ஆட்களின் வலை. வயலிலும் அதே கதைதான். 1988இல் மணலாறு வெலிஓயா ஆகி மகாவலி 'எல்' வலயத்துக்குள் போனது. ஆமையன்குளம், முந்திரிகைக்குளம் என்று பெரியவர்கள் சொல்கிற வயல்வெளிகளுக்குப் போக முடியாமல் இன்றைக்கும் அலைகிறார்கள். பலரிடம் உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லை, இடம்பெயர்வுகளில் தொலைந்துவிட்டது.

கம்பசில் ஊரைச் சொன்னால் இப்ப எல்லோருக்கும் தெரிகிறது. 2023 ஆனி 29ஆம் திகதி குடிதண்ணிக் குழாய்க்கு வெட்டின கிடங்கில் எலும்புகள் வந்தன. அடுத்த வருசம் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள். "ஓ, அந்தப் புதைகுழி ஊரா?" என்று கேட்கிறார்கள். ஓம், அதுதான். அந்த 52 பேரும் யார் என்று தெரிய வேணும். தங்கட பிள்ளையைத் தேடுகிற தாய்மாருக்குப் பதில் வேணும். அதோடு, அது மட்டும்தான் எங்கட ஊர் இல்லை என்பதையும் யாராவது சொல்ல வேணும்.

1984இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்றைக்கு அறுபது தாண்டிவிட்டது. எந்தப் பாடு யாருடையது, எந்தக் குளத்துத் தண்ணி எந்த வயலுக்கு, தொடுவாய் வெட்டுவதை ஆர் ஆர் கூடி முடிவெடுத்தார்கள் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். கந்தோர்களில் காகிதம் கேட்கிறார்கள். காகிதம் தொலைந்த சனத்திடம் மிஞ்சியிருப்பது இந்த ஞாபகம்தான். அதை ஒருத்தரும் எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு எங்களிடம் காட்ட ஒன்றுமே இராது.

போன ஸ்டடி லீவில் அம்மம்மாவோடு இருந்து ஒரு கொப்பியில் ஊர்ப்படம் கீறத் தொடங்கினேன். அவ 31 இடப்பெயர் சொன்னா. அதில் எங்களால் இன்றைக்குப் போகக்கூடியது 12. மற்றதுகளை அவ சொன்ன திசையை வைத்துத்தான் குறித்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அப்பு இரண்டு இடத்தில் "அது அப்பிடியில்லை" என்று சண்டை பிடித்தார். இரண்டு பேர் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். கருநாட்டுக்கேணி, கொக்கிளாய்ப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், உங்கட வீட்டிலும் ஒரு கொப்பி தொடங்குங்கள். எல்லைகளை ஒத்துப் பார்க்க வேணும்.