சாயும் படகும் சாயாப் படகும்

இரண்டு தோணியில் கால் வைக்காதே என்று நம் முன்னோர் எச்சரித்துச் சென்றனர். ஆயினும், இரண்டு தோணிகளை இணைத்து, அவற்றின்மீது வீடு போன்றதோர் அறையையும் அமைத்து, அதிலேறி மாக்கடலைக் கடந்து செல்வோர் இன்று உலகில் பலர் உளர். அப்படகுக்கு அவர்கள் வழங்கும் பெயரோ நம் கடற்கரையிலிருந்து சென்றது. கட்டுமரம் என்னும் நம் சொல்லே அவர்கள் நாவில் 'கட்டமரான்' ஆயிற்று. இந்த ஒரு சொல்லின் காரணமாக நாம் ஒருமுறை பெரும் இக்கட்டில் அகப்பட்டுக்கொண்டோம். அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

2019ஆம் ஆண்டு கோடையில், பிரான்சு நாட்டின் மேற்குக் கரையிலுள்ள லா ரொஷேல் நகரில், விடுப்பில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாக இரண்டு மாதங்கள் பணியாற்றினோம். அது படகுகளின் நகரம். பழைய துறைமுக வாயிலில் இரண்டு கற்கோபுரங்கள் காவல் நிற்கின்றன. சற்றுத் தெற்கே, 'மினிம்' என வழங்கும் படகுத்துறையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உல்லாசப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. இரட்டைத் தோணிகளைக் கட்டி உலகெங்கும் அனுப்பும் பட்டறைகளும் அவ்வட்டாரத்தில் உண்டு.

ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்தபின் முதிய தம்பதியர் நம்மைக் காண வந்தனர். கணவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்; மனைவி ஓய்வுபெற்ற செவிலியர். மணமாகி நாற்பது ஆண்டுகள். பதினொரு மீட்டர் நீளமுள்ள ஒற்றை உடற் பாய்மரப் படகொன்று அவர்களிடம் இருந்தது. பிஸ்கே விரிகுடாவைக் கடந்து, ஸ்பெயின் கரையோரமாகச் சென்று, கனேரித் தீவுகளிலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து, மார்த்தினீக் தீவை அடைவது அவர்களது நெடுநாளைய கனவு. ஆனால் அம்மையாருக்கு இடுப்பு மூட்டில் அறுவை நடந்திருந்தது. பழைய படகையே கொண்டு செல்வதா, அல்லது இருக்கும் சேமிப்பையெல்லாம் போட்டு, பிறர் பயன்படுத்திய இரட்டைத் தோணியொன்றை வாங்குவதா என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. பிள்ளைகள் ஒருபுறம், நண்பர்கள் ஒருபுறம். "தந்தையே, கட்டமரான் தங்கள் நாட்டுப் படகன்றோ? தாங்களே தீர்ப்புக் கூறுங்கள்" என்றார் கணவர்.

உண்மையைச் சொன்னால், நாம் கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவரே ஆயினும் கடலுக்கு ஆகாதவர். பதினோராம் வயதில் தந்தையாரின் கட்டுமரத்தில் ஏறிச் சென்ற முதல் நாளே குடல் வெளியே வருமளவு வாந்தியெடுத்துக் கரை சேர்ந்தோம். அதன்பின் அண்ணன் கடலுக்குச் சென்றார்; நாம் குருமடத்திற்குச் சென்றோம்.

மேலும், அந்தப் படகு நம்முடையதே அன்று. நம் கட்டுமரம் மிதப்பான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த ஒன்று. அதற்கு உள்ளே என்பதே கிடையாது. அலை மேலேறும்; மர இடுக்குகள் வழியே தண்ணீர் வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மீண்டும் ஏறிக்கொள்வர். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் இந்தக் கட்டுமரங்களைக் குறித்துள்ளார். இரண்டு தோணிகளை இணைத்து நெடுங்கடல் கடந்தவர்களோ பசிபிக் தீவினர். அவர்களது முறையில் அமைக்கப்பட்ட 'ஹோக்குலேஆ' என்னும் இரட்டைத் தோணி, 1976இல் திசைகாட்டும் கருவியெதுவுமின்றி ஹவாயிலிருந்து தாகித்தி சென்றடைந்தது. அமெரிக்கப் படகுச் சிற்பி நத்தானியேல் ஹெரெஷாஃப் 1876இல் கட்டிய இரட்டைத் தோணி, நியூயார்க் பந்தயத்தில் ஒற்றை உடற் படகுகளை வெகு தொலைவு பின்தள்ளியது. ஜேம்ஸ் வாரம் என்னும் ஆங்கிலேயர் தம் கையால் கட்டிய ஏழு மீட்டர் நீள இரட்டைத் தோணியில் 1955-56இல் அட்லாண்டிக்கைக் கடந்தார். பிற்காலத்தில் அவர் வரைந்த படகுகளில், இரு தோணிகளையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் கயிற்றாலேயே கட்டப்பட்டன. அந்தக் கட்டு ஒன்றில் மட்டும் நம் மரத்திற்கும் அதற்கும் உறவு உண்டு எனலாம்.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தும் அத்தம்பதியர் நம்மை விடுவதாயில்லை. ஆகவே அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் அண்ணனை அழைத்தோம். நாம் குருப்பட்டம் பெற்ற நாள் முதல் அவர் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. வழக்கம்போல், "சாமி, நல்லா இருக்கீரா?" என்றார். வழக்கம்போல், "நலமே" என்றோம். விவரத்தைக் கேட்டவர் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்டார்: "எந்தக் கரைக்கு? எந்தக் காத்துல? ஆரு ஆரு ஏறுறது?"

மறுநாள் அம்மூன்று கேள்விகளையும் அவர்கள் முன் வைத்தோம். அவற்றுக்கு விடை தேடும் முயற்சியில், நாமும் அவர்களோடு அமர்ந்து படகுக் கல்வி கற்றோம்.

எந்தக் கரைக்கு? பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள இரட்டைத் தோணி ஆறரை மீட்டருக்கு மேல் அகலமுடையது. அதே நீள ஒற்றை உடற் படகோ நான்கு மீட்டர் அளவே. எனவே துறைகளில் இரட்டைத் தோணிக்கு இடம் கிடைப்பது அரிது, வாடகையும் மிகுதி, விலையும் மிகுதி. ஆனால் அது ஒரு மீட்டர் சொச்ச ஆழத்திலேயே மிதப்பதால், மற்றப் படகு அணுக முடியாத ஆழமற்ற குடாக்களிலும் நங்கூரமிடலாம்.

எந்தக் காற்றில்? கனேரித் தீவுகளிலிருந்து மேற்கே செல்வோருக்கு வாணிபக் காற்று முதுகுப்புறமிருந்து வீசும். அக்காற்றில் ஒற்றை உடற் படகு, தொட்டில் போல் இருபுறமும் ஓயாது உருளும். இரட்டைத் தோணி சமமாகச் செல்லும். எதிர்க்காற்றில் நிலைமை மாறும். ஒற்றை உடற் படகு காற்றுக்கு நெருக்கமாக முகம் கொடுத்து முன்னேற வல்லது. இரட்டைத் தோணி பக்கவாட்டில் வழுகும். இரு தோணிகளுக்கிடையே உள்ள தளத்தின் அடியில் அலைகள் சம்மட்டி போல் அறையும். பாரம் ஏற ஏற அதன் விரைவும் குன்றும்.

அன்று மாலை கணவர் நம்மைப் பழைய துறைக்கு அழைத்துச் சென்று, கடல்சார் அருங்காட்சியகத்திற்குரிய சிவப்பு நிற இரும்புப் படகொன்றைக் காட்டினார். அதன் பெயர் 'ஜோஷுவா'. பெர்னார் முவாத்தேசியே என்பவர் 1968-69இல் தனியொருவராய் அதில் உலகைச் சுற்றி, பரிசு கிட்டும் நிலையில் பந்தயத்தையே துறந்து, நில்லாமல் தாகித்திவரை சென்றார். தென்கடல்களின் பேரலைகள் அதனைப் பலமுறை படுக்கவைத்தன. ஒவ்வொரு முறையும் அது எழுந்து நின்றது. அந்தப் பந்தயத்தை முடித்த ஒரே படகான 'சுகைலி'யும் ஒற்றை உடற் படகே. மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது.

எழுந்து நிற்பதன் காரணம் அடியில் உள்ளது. இத்தகைய படகின் மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, அடிக்கட்டையில் ஈயமாகவோ இரும்பாகவோ தொங்குகின்றது. சாய்ந்த படகை அந்தப் பாரமே நிமிர்த்துகின்றது. ஆனால் உடலில் பெரும் ஓட்டை விழுந்தால், அதே பாரம் அதனைக் கடலடிக்கு இழுத்துச் செல்லும். இரட்டைத் தோணிக்கு அத்தகைய பாரமில்லை. அகலமே அதன் பலம். பெரும்பாலும் அது மூழ்குவதில்லை. ஆனால் ஒருமுறை தலைகீழானால் நடுக்கடலில் அதனை நிமிர்த்த இயலாது. எந்த ஆபத்தை ஏற்பது என்பதே தெரிவு. ஆபத்தே இல்லாத படகு என்பதொன்றில்லை.

மூன்றாம் கேள்வி எஞ்சியிருந்தது: யார் யார் ஏறுவது? "நாங்கள் இருவரும்" என்று கணவர் எளிதாக விடையளித்துவிட்டார். அந்த விடை போதாதென்பதை ஆகஸ்டு மாத இறுதியில் உணர்ந்தோம்.

சோதித்துப் பார்க்கும் பொருட்டு அவர்கள் ஓர் இரட்டைத் தோணியை ஒரு வாரத்திற்கு வாடகைக்கு எடுத்தனர். ஒரு திங்கட்கிழமை நம்மையும் ஏற்றிக்கொண்டனர். ரே தீவைச் சுற்றிச் சென்றோம். வியப்பு! வாந்தியில்லை. மேசைமேல் வைத்த காப்பிக் கோப்பை அசையவில்லை. அம்மையார் கைத்தடியின்றி நடந்தார். கணவர் சுக்கானைப் பிடித்தபடி சீழ்க்கையடித்துக்கொண்டிருந்தார்.

நண்பகலுக்குப் பின், அறையின் வாயிலருகே அமர்ந்திருந்த அம்மையார் தாழ்ந்த குரலில், "இருபத்திரண்டு" என்றார். காற்றின் வேகம் மணிக்கு இருபத்திரண்டு கடல் மைல். பதினெட்டு வந்தாலே பாயை முதன்முறை சுருக்க வேண்டும் என்று அட்டையில் எழுதிப் படகில் ஒட்டியிருந்தனர். கணவர் திடுக்கிட்டார். "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே!" என்றார்.

தெரிந்திருக்க வழியில்லை. ஒற்றை உடற் படகு காற்று மிகுந்தால் சாய்ந்து காட்டும். "போதும், பாயைச் சுருக்கு" என்று மாலுமியிடம் தானே முறையிடும். இரட்டைத் தோணி சாய்வதில்லை. பளு எவ்வளவு ஏறினும் நிமிர்ந்தே நின்று, எல்லை கடந்ததும் ஒரேயடியாகக் கைவிடும். ஆதலால் அதனைச் செலுத்துவோர் தம் உணர்வை நம்பாது, எண்ணைப் பார்த்தே பாயைச் சுருக்க வேண்டும்.

இருவருமாகப் பாயைச் சுருக்கி முடித்தபின் கணவர் கேட்டார்: "நீ எப்படிக் கவனித்தாய்?"

அம்மையார் சிறிது நேரம் கடலையே நோக்கியிருந்தார். பின்பு கூறினார்: "முப்பது ஆண்டுகளாக நான் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் படகில் நான் கீழே அமர்ந்து புத்தகம் படிப்பதாக நீங்கள் எண்ணினீர்கள். நான் ஒரு பக்கமும் படித்ததில்லை. எனக்கு அச்சம்."

கணவர் ஒன்றும் பேசவில்லை. கரை சேரும்வரை சீழ்க்கை ஒலி எழவில்லை.

இரண்டு நாட்களுக்குப் பின் இருவரும் மீண்டும் வந்தனர். இப்போது வழக்கு தலைகீழாகியிருந்தது. மனைவிக்காக இரட்டைத் தோணியையே வாங்குவதென்று கணவர் உறுதியாயிருந்தார். அம்மையாரோ பழைய படகே போதும் என்றார். சேமிப்பனைத்தையும் ஒரு படகில் கொட்டிவிட்டு முதுமையில் வெறுங்கையராய் நிற்க அவருக்கு மனமில்லை. மற்றொரு காரணமும் சொன்னார்: "தந்தையே, அந்தப் படகு என்னைப் போன்றது, எதையும் காட்டிக்கொள்ளாது. அத்தகையவர் இருவர் ஒரே பயணத்தில் வேண்டாம். பழைய படகு சாய்ந்தாவது இவருக்குச் சொல்லும்."

நாம் தீர்ப்பேதும் கூறவில்லை. அவர்களே ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். பழைய படகே செல்லும். கைப்பிடிக் கம்பிகள் அதிகமாக அமைக்கப்படும். காற்று பதினாறு கடல் மைலைத் தொட்டதும் பாய் சுருக்கப்படும். இருவரில் எவர் சொன்னாலும் மற்றவர் மறுபேச்சின்றிச் செய்வர். எல்லாவற்றிற்கும் மேலாக, அம்மையார் இனிப் புத்தகம் படிப்பதுபோல் நடிக்க மாட்டார்.

கொள்ளைநோய்க் காலம் குறுக்கிட்டதால் பயணம் தள்ளிப்போயிற்று. 2022ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் புறப்பட்டனர். மார்த்தினீக்கிலிருந்து அம்மையார் எழுதிய மடல் அடுத்த தை மாதம் நம் கைக்கு வந்தது. கனேரித் தீவுகளிலிருந்து சுமார் 2,700 கடல் மைல் தொலைவை இருபத்து நான்கு நாட்களில் கடந்திருந்தனர். படகு மிக உருண்டதாம், இடுப்பு வலித்ததாம், இரண்டு இரவுகள் அழுததாகவும், அழுததைக் கணவரிடம் சொன்னதாகவும் எழுதியிருந்தார். வழியில் ஒரு புத்தகத்தை உண்மையிலேயே படித்து முடித்தாராம்.

அம்மடல் வந்தபோது நாம் நம் பங்கில் இருந்தோம். பள்ளிக் கட்டடக் கடன், இரண்டு கிளைப்பங்குகள், ஓயாத இருமல். எவரேனும் நலம் கேட்டால் நிமிர்ந்து நின்று, "நலமே" என்று கூறி வந்தோம். மடலைப் படித்து முடித்து, அண்ணனை அழைத்து, அவர்கள் கரை சேர்ந்த செய்தியைச் சொன்னோம். மகிழ்ந்தார். பின்பு வழக்கம்போல், "சாமி, நல்லா இருக்கீரா?" என்றார்.

"இல்லை அண்ணே, ரொம்பக் களைப்பா இருக்கு" என்றோம்.

மறுமுனையில் சற்று அமைதி. பிறகு அண்ணன் சொன்னார்: "அதை இப்பமாவது சொன்னீரே. ரெண்டு நாளு வீட்டுக்கு வாரும்."

சென்றோம்.