எழவு விழாத வீட்டில்

அலங்காநல்லூர் வீட்டில் நெல்மூட்டை கிடந்த பின்னறைதான் என் ஒலிப்பதிவுக்கூடம். பழைய மடிக்கணினி, ஒரு மைக், ஹெட்போன், காசு கேட்காத ஆடாசிட்டி மென்பொருள். எதிரொலி அடங்கச் சேலை பீரோவைத் திறந்து வைத்து, கொடியில் ஜமுக்காளம் தொங்கவிட்டேன். மைக்குக்கு ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டாகப் பாடினால் பகரம் வெடிக்காது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

ஊர்ச் சாவுகளிலெல்லாம் ஒப்பாரி பாடியவள் அம்மா. அவளை உட்காரவைத்தபோது அண்ணன் கத்தினான்: "எழவு விழாத வீட்டுல ஒப்பாரியா?" கதவைச் சாத்தித் தாழிட்டேன்.

தாழிட்ட கதவுக்குள் பெண்கள் ஒலி செய்தது புதிதில்லை. 1959இல் பிபிசி வேலையை விட்ட டாஃப்னே ஓரம், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தன் வீட்டிலேயே மின்னிசைக்கூடம் அமைத்தார். 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மூக் சிந்தசைசர் வந்தது. அதில் இசை செய்தவர்களில் கீதா சாராபாயும் ஒருவர்.

இரைச்சலை நீக்க, குரல் இல்லாத சில விநாடிகளை மென்பொருளுக்கு மாதிரி காட்ட வேண்டும். நான் காட்டிய துண்டில் அம்மாவின் மூச்சு இருந்தது. நீக்கியதும் குரல் தகர டப்பாவுக்குள் போய்விட்டது. உடனே பழையபடி மாற்றினேன். அந்த மூச்சையே வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டுத் தாளமாக்கினேன்.

"யாருக்கும்மா பாடுன?"

"அஞ்சாப்போட பள்ளிக்கூடத்த நிப்பாட்டுனாங்கள்ல ஒரு புள்ளய, அவளுக்குத்தான்டி."